காணோம் வேறு, இல்லை வேறு

குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது கண்ணாடிக் கடைக்காரர் நன்றி சொல்லவில்லை. ஒரு சந்தேகம் கேட்டார்.

"ரிப்போர்ட்ல என்னன்னு போட்டிருக்குங்க?"

"ரத்தத்துல வைரஸ் காணப்படவில்லைன்னு போட்டிருக்கு."

"இல்லைன்னு போடலையா?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "காணப்படலைன்னா இல்லைன்னுதாங்க அர்த்தம்."

"நேத்து என் கடைச் சாவியைக் காணோம். அதுக்காகச் சாவியே இல்லைன்னு ஆயிடுமா? வீட்டுக்குள்ளயேதான் இருந்துச்சு. சோபா இடுக்குல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி நெற்றியில் தட்டிக்கொண்டாள். "சார், நீங்க மனசுல வச்சுக்காதீங்க. கல்யாணத்தன்னிக்கே இவர் இப்படித்தான். நான் சிரிச்சா, எதுக்குச் சிரிக்கிறேன்னு கேட்டவர்."

டாக்டர் பொறுமைசாலி. மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் ஆன பிறகும் வைரஸ் தென்படவில்லை என்றால் ஹெபடைட்டிஸ் சி போய்விட்டது என்றுதான் வைத்தியம் கணக்கு வைத்துக்கொள்கிறது என்றார். கல்லீரலும் பெரிதாகக் கெடவில்லை, இனி நிம்மதியாக இருக்கலாம் என்றார். கண்ணாடிக்காரர் தலையாட்டினார். ஆனால் நிம்மதியாக இருப்பது அவருக்குத் தெரிந்த வேலை அல்ல.

அந்தக் கேள்வியை அசட்டுத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தேடியும் அகப்படாததற்கும் இல்லாததற்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. பெரிய பெரிய மூளைகள் எல்லாம் அந்தச் சந்தில் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. அங்கே தனியாகக் குடியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கட்டிய மனைவியை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டதுதான் இவர் செய்த காரியம்.

நோய் எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. சின்ன வயதில் போட்ட ஏதோ ஒரு ஊசியாக இருக்கலாம் என்றார்கள். தெரிய வந்த விதம்தான் அவரைக் குத்தியது. மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டிகள். கர்ப்பப்பையையே எடுத்துவிட வேண்டும், ரத்தம் தேவைப்படும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். முதல் ஆளாகப் போய்ச் சட்டைக் கையை மடித்து ரத்தம் கொடுத்தவர் அவர்தான். இரண்டு நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டு, உங்கள் ரத்தம் ஆகாது, நீங்கள் ஒரு டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். மனைவியின் தம்பி வந்து கொடுத்தான். "இனிமே அக்காவுக்குக் கொஞ்சம் புத்தி வரும். என் ரத்தம்ல" என்று அவன் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். இவர் மட்டும் தன் முழங்கை மடிப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மனைவியையும் சோதித்தார்கள். அவளுக்கு ஒன்றும் இல்லை. அதுவே அவருக்குப் பெரிய பயமாகிவிட்டது. இத்தனை வருடம் தப்பித்தவள் இனி எந்த நாளில் மாட்டிக்கொள்வாளோ என்று.

அவர் தொழில் அப்படி. ஜன்னலுக்கும் மேசைக்கும் கண்ணாடி வெட்டுவது, முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டம் போடுவது. பழைய கம்பளம் விரித்த பெரிய மேசையில் கண்ணாடியைக் கிடத்தி, சக்கரம் வைத்த வெட்டுக்கருவியால் ஒரே இழுப்பில் கோடு போட வேண்டும். பட்டுத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். பிறகு கோட்டுக்கு இரண்டு பக்கமும் பிடித்து அமுக்கினால் கண்ணாடி கேட்டபடி பிளக்கும். எவ்வளவு அமுக்குவது என்பதைக் கட்டைவிரல்தான் முடிவு செய்யும். விரல் கிழியாத நாள் அபூர்வம். முன்பெல்லாம் கிழிந்தால் வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு வேலையைப் பார்ப்பார். நோய் தெரிந்த பிறகு கையுறை போட்டுக்கொண்டார். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. கட்டைவிரலுக்குக் காது அடைத்துப் போயிற்று. கண்ணாடி அடிக்கடி கோடு தப்பிப் பிளந்தது.

கடையில் கூட வேலை செய்கிற மச்சான், அதாவது அதே ரத்தம் கொடுத்த தம்பி, சும்மா இருப்பானா? "ஆபரேஷன் சக்சஸ் மாமா. பேஷன்ட்தான் நாலா உடைஞ்சிட்டாரு" என்பான். அவன் வைத்த பெயர் தெரு முழுக்கப் பரவி, எதிர்ச் சாரியில் செருப்புக் கடை வைத்திருப்பவர் கூட "என்ன சர்ஜன், சாப்பிட்டாச்சா?" என்று கேட்கும் நிலை வந்தது. வைத்தியம் முடிந்து, காணப்படவில்லை என்று வந்த பிறகும் கையுறை கழலவில்லை.

இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. சட்டம் போட்டு முடித்த ஒவ்வொரு கண்ணாடியையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவார். கீழ் இமையை விரலால் இழுத்துத் தன் கண்ணின் வெள்ளையைப் பார்ப்பார். மஞ்சள் தட்டுகிறதா? மட்டமான கண்ணாடியில் எல்லோர் முகமும் கொஞ்சம் பச்சையடித்துத்தான் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் பார்ப்பார். வாங்க வந்தவர்கள், மனுஷன் எவ்வளவு அக்கறையாகச் சரக்கைச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

வீட்டில் சவரக் கத்தியையும் நகவெட்டியையும் தனியாக வைத்துக்கொண்டார். அது சரிதான், டாக்டரும் அதைச் சொன்னார். தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்தார். அது தேவையே இல்லை என்று டாக்டர் சொன்னதை மனைவி மூன்று விதமாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு படுக்கையையும் மாற்றினார். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளுடைய சின்ன அறைக்குத் தலையணையைத் தூக்கிக்கொண்டு போனார்.

"எல்லாம் முடியட்டும், வந்துடறேன்" என்றார். வைத்தியம் முடிந்தது. "ஒரு வருஷம் பாத்துடலாம்" என்றார். வருஷமும் முடிந்தது. "கொஞ்சம் வெயில் குறையட்டும்" என்றார்.

"வெயிலுக்கும் உங்க வைரஸுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதுக்கில்ல. அந்த ரூம்ல காத்து வருது."

"ஆமா, என் பக்கத்துல படுத்தா காத்து நின்னுடும்."

அவளுக்குப் பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலில் வேலை. ஜன்னலுக்கு உள்ளே ஒரு மைக். எந்தப் பேருந்து எந்த இடத்தில் நிற்கிறது, எது புறப்படப் போகிறது, எது தாமதம் என்று நாள் முழுக்க அறிவிப்பாள். அந்தக் குரலை நம்பிக் குழந்தையும் மூட்டையுமாக ஜனம் ஓடும். வீட்டில் ஒரே ஒரு ஆள் நம்பவில்லை. நீங்கள் நன்றாகத்தான் இருக்கிறீர்கள் என்று அவள் சொன்னால் அந்த ஆள் போய்க் கண்ணாடி பார்த்தார்.

அவள் கேலி பேசுவாளே தவிர, மனதில் அரித்துக்கொண்டிருந்ததைச் சொல்லவில்லை. கணவர் தன் நோயிலிருந்து கணக்கைத் தொடங்கினார். அவள் தன் ஆபரேஷனிலிருந்து தொடங்கினாள். ஆபரேஷன் முடிந்த மறுமாதம் இந்த மனுஷன் அறை மாறினார். கர்ப்பப்பை போன பெண்ணைப் பற்றி ஊரில் சிலர் பேசுகிற பேச்சு அவள் காதிலும் விழுந்திருந்தது. இரண்டு கணக்கும் ஒரே வீட்டில் இரண்டு வருடம் ஓடின.

ஒருநாள் காலையில் டீயை வைத்துவிட்டு, கேலி எதுவும் கலக்காமல் அவள் சொன்னாள்.

"நீங்க அந்த ரூம்லயே இருங்க. எனக்குப் பழகிடுச்சு."

அது அவரைப் பயமுறுத்தியது. சண்டை போடுகிறவள் வீட்டில் இருக்கிறாள். பழகிவிட்டது என்கிறவள் பாதி வழி போய்விட்டாள். இந்த விஷயத்தில் அவர் சரியாகவே புரிந்துகொண்டார். அன்றைக்கே அவள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று முடிவும் செய்தார். ஆனால் போவதற்கு முன் ஒரே ஒரு தடவை, கடைசியாக, ரத்தத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தார். சுத்தமான கையோடு அவளிடம் போக வேண்டும் அல்லவா?

பழைய மருத்துவமனைக்குப் போகவில்லை. அங்கே போனால் தேவையில்லை என்பார்கள். கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையம் இருந்தது.

"எந்த டெஸ்ட் சார்?" என்று கேட்டாள் மேசையில் இருந்த பெண்.

"ஹெபடைட்டிஸ் சி."

"டாக்டர் சீட்டு இருக்கா?"

"இல்ல. சும்மாதான், ஒரு திருப்திக்கு."

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. அவரும் முன்கதையைச் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் போனபோது அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாசிட்டிவ்னு வந்திருக்கு சார். டாக்டரைப் பாருங்க."

நம் மொழியில் எல்லாமே வரும். காய்ச்சல் வரும், கோபம் வரும், விருந்தாளி வருவார், பரீட்சை முடிவும் வரும். அந்தப் பெண் முடிவைச் சொன்னாள். அவர் காதில் நோய் விழுந்தது. பாசிட்டிவ் என்ற வார்த்தையைக் கூட அவர் சரியாகக் கேட்கவில்லை. வந்திருக்கு. அவ்வளவுதான் கேட்டது. சோபா இடுக்கில் இருந்தது வெளியே வந்துவிட்டது. நான் அப்போதே சொன்னேன் என்று டாக்டரிடம் போய்ச் சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை. தான் சொன்னது பலித்துவிட்டதில் அவருக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை.

அன்று வீட்டுக்குப் போய், காலையில் சரக்கு லாரி சீக்கிரம் வருகிறது, கொஞ்ச நாள் கடையிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றார். அவள் சரி என்றாள். பாயை அவளே சுருட்டிக் கொடுத்தாள்.

சில நாட்கள் அப்படியே போயின. ஒரு காலையில் கையுறையையும் மீறி உள்ளங்கையில் ஒரு சில்லு ஏறிவிட்டது. மச்சான் துணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். "கிட்ட வராதடா!" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மச்சான் அப்படியே நின்றுவிட்டான். அவனிடம் அவர் அதுவரை குரல் உயர்த்தியதில்லை. அவன் வெளியே போய் அக்காவுக்கு போன் செய்தான்.

மதிய இடைவேளைக்கு அவள் சீருடையோடு வந்து நின்றாள்.

"டேய், நீ போய் டீ குடிச்சிட்டு வா."

"இப்பதாங்கா குடிச்சேன்."

"இன்னொண்ணு குடி."

அவன் போனான். அவள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்ன நடக்குது?"

"சரக்கு லாரி..."

"வண்டி விஷயத்துல என்கிட்டயே பொய்யா? எந்த வண்டி எப்ப வரும்னு ஊருக்கே சொல்றவ நான்."

அவர் மேசைக் கம்பளத்தில் ஒட்டியிருந்த கண்ணாடித் தூளைத் தூரிகையால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"நேராவே கேக்கறேன். ஆபரேஷனுக்கு அப்புறம் நான் உங்களுக்கு ஆகாம போயிட்டேனா?"

கண்ணாடி கையிலிருந்து நழுவும்போது, விழுவதற்கும் உடைவதற்கும் நடுவே ஒரு கணம் உண்டு. எதையும் செய்ய முடியாத கணம். அவர் அதில் நின்றார்.

"என்ன பேசறே நீ?"

"பின்ன என்ன பேசறது? எடுத்துப் போட்ட மறுமாசம் தலகாணியைத் தூக்கிட்டுப் போனீங்க. இப்ப பாயையும் தூக்கிட்டு வந்துட்டீங்க. நானும் எவ்வளவு நாளைக்குச் சிரிச்சுக்கிட்டே இருக்கறது?"

"வந்திருக்கு" என்றார்.

"என்ன வந்திருக்கு?"

"அதுதான். மறுபடியும். போன வாரம் டெஸ்ட் எடுத்தேன்."

அவள் முகம் மாறியது. எழுந்து வந்தாள். அவர் பின்னால் நகர்ந்தார். அவள் அதைக் கவனித்தாள், ஆனால் நிற்கவில்லை.

"எதுக்கு எடுத்தீங்க? உடம்புக்கு ஏதாவது பண்ணுச்சா?"

"ஒண்ணும் பண்ணல. உன் ரூமுக்கு வந்துடலாம்னு இருந்தேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கலாம்னு."

அவள் சிரித்தாளா அழுதாளா என்பது அவருக்கு இன்றுவரை தெளிவில்லை. "என்கிட்ட வர்றதுக்கு டிக்கெட் எடுக்கப் போனீங்களாக்கும்" என்றாள். பிறகு போனை எடுத்து, இன்று மதியம் வர முடியாது, மைக்கை யாரிடமாவது கொடுங்கள் என்று அலுவலகத்தில் சொன்னாள். "ஒருநாள் பஸ்ஸெல்லாம் தானா வந்து தானா போகட்டும். நீங்க கிளம்புங்க."

பழைய மருத்துவமனையில் டாக்டருடைய அறைக்கு வெளியே ஒரு நர்ஸ் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். வைத்தியம் நடந்த நாட்களில் மாத்திரை கொடுத்தவர் அவர்தான். கண்ணாடிக்காரர் நீட்டிய பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்தார்.

"இதை யார் எடுக்கச் சொன்னது?"

"நானேதான்."

"அதான் பாத்தேன். நாங்க யாரும் உங்களுக்கு இந்த டெஸ்ட்டை எழுத மாட்டோமே." அவர் காகிதத்தைத் திருப்பி வைத்தார். "இது ஆன்டிபாடி டெஸ்ட். இந்த வைரஸை உங்க உடம்பு எப்பவாவது சந்திச்சிருக்கான்னுதான் இது கேக்கும். சந்திச்சிருக்குன்னு உங்க ரத்தம் உண்மையைச் சொல்லியிருக்கு. இன்னும் இருபது வருஷம் கழிச்சுக் கேட்டாலும் அநேகமா இதைத்தான் சொல்லும். வைரஸ் இப்ப உள்ள இருக்கான்னு பாக்கறது வேற டெஸ்ட். வைத்தியம் முடிஞ்சு உங்களுக்கு எடுத்தமே, அது."

"அப்ப இது..."

"இதுல ஆமாங்கறதைத் தவிர வேற பதிலே வராதுங்க உங்களுக்கு."

மனைவி இடையில் புகுந்தாள். "அப்ப 'வந்திருக்கு'ன்னு சொல்லக் கூடாது. 'வந்துட்டுப் போயிடுச்சு'ன்னு சொல்லணும்."

"கரெக்ட்டுமா. அதேதான்."

"இதை நான் மைக்ல மாத்திச் சொன்னா என்னை உதைக்க வந்துடுவாங்க. அந்தப் பொண்ணு சொல்லிட்டு ஜாலியா உக்காந்திருக்கு."

"அந்தப் பொண்ணு மேல தப்பில்லம்மா. இவர் முன்னாடி வைத்தியம் பண்ணிக்கிட்டதைச் சொல்லியிருக்கணும்."

கண்ணாடிக்காரர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தார். அவர் அத்தோடு விடக்கூடியவர் அல்ல. "மறுபடி வராதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

நர்ஸ் சிரிக்கவில்லை. "பழசு திரும்பி வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம். புதுசா வேற யாரோட ரத்தமாவது உங்க ரத்தத்துல கலந்தா புதுசா வரலாம். அது எனக்கும் வரலாம், தினமும் ஊசியோட வேலை செய்யறேன். எழுதியெல்லாம் குடுக்க மாட்டேங்க. நாளைக்குக் காலைல நீ உயிரோட எழுந்திருப்பேன்னு எனக்கும் யாரும் எழுதிக் குடுக்கல. நான் டூட்டிக்கு வரலையா?"

இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. மாத்திரை கொடுத்துக்கொண்டே சொல்கிற பேச்சு. ஆனாலும் அந்தச் சந்தில் குடியிருந்தவர்கள் பலர் இதைவிட நீளமாகவும் இதைவிடக் குறைந்த நேர்மையோடும் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

மனத்திருப்திக்காக அந்த வேறு டெஸ்ட்டையும் எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள். முடிவுக்கு ஒரு வாரம் ஆகும்.

வெளியே நிழற்குடையில் பேருந்துக்காக உட்கார்ந்திருந்தபோது அவள் அவரைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தபடி பேசினாள்.

"ஒண்ணு சொல்றேன். ரிசல்ட் வந்தப்புறம் நீங்க என் ரூமுக்கு வர வேண்டாம்."

"ஏன்?"

"அப்ப நீங்க வந்தா அது பேப்பர் சொல்லி வந்தது. வர்றதா இருந்தா அதுக்கு முன்னாடி வாங்க. இல்லன்னா மகளோட ரூமை உங்க பேருக்கே எழுதிக்கோங்க."

"அதுல ஏதாவது இருந்துட்டா?"

"இருந்தா மறுபடி மாத்திரை சாப்பிடுங்க. தொட்டா ஒட்டாது, பக்கத்துல படுத்தா ஒட்டாதுன்னு எத்தனை தடவைதான் டாக்டர் சொல்லுவாரு? நோயே இருந்தப்பவும் நான் போகச் சொல்லல. நீங்களா போனீங்க."

பேருந்து வந்தது, ஏறினார்கள்.

அந்த முடிவு நல்லபடியாகவே வந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வைரஸ் காணப்படவில்லை. ஆனால் அது வந்தது புதன்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறுதான் இங்கே முக்கியம்.

அவர் தைரியசாலியாகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். அன்று காலையிலும் குளியலறைக் கண்ணாடியில் இமையை இழுத்துப் பார்த்தார். மதியம் சாப்பிட்ட பிறகு வெகுநேரம் கூடத்திலேயே உட்கார்ந்து, படித்த செய்தித்தாளையே மறுபடி படித்தார். பிறகு பயத்தைக் கழற்றி வைக்காமல், அதையும் கூட்டிக்கொண்டே அவள் அறை வாசலுக்குப் போனார்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கட்டிலின் மறுபாதி முழுக்கக் கொடியிலிருந்து எடுத்துப் போட்ட துணி.

"துணியை எங்க வைக்கட்டும்?"

அவள் திரும்பவில்லை. "மடிச்சு வைங்க."

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மடிக்கத் தொடங்கினார். இரண்டு வருடமாக அங்கே சேர்ந்துகொண்டே இருந்தது போல, துணி தீரவே இல்லை. அவள் எப்போதோ இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துண்டு உடையாதுங்க. தைரியமா மடிங்க."

கடைசித் துணியையும் மேசை மேல் வைத்துவிட்டுப் படுத்தார். விளிம்போடு விளிம்பாக.

"கீழ விழுந்து கை கால் உடைஞ்சா அதுக்கும் நானா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்? தள்ளி வாங்க."

தள்ளி வந்தார். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அது கிளம்பிப் போயிற்று.

"ஆபரேஷன் பண்ண இடம் இன்னும் வலிக்குதா?" என்று கேட்டார்.

அவள் மல்லாந்து படுத்தாள்.

"மழை வந்தா இழுத்துப் பிடிக்கும்."

"நீ சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே."

உண்மைதான். தன் ரத்தத்தை அவர் எத்தனையோ முறை விசாரித்திருந்தார். அவள் வயிற்றை ஒருமுறைகூட விசாரிக்கவில்லை. அவள் அவர் கையை எடுத்து அடிவயிற்றில் வைத்தாள். வெறும் கை. குறுக்கே ஓடிய தழும்பை அவருடைய கட்டைவிரல் கண்டுபிடித்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாகப் போயிற்று. நடுவில் ஓரிடத்தில் நின்று, திரும்பி வந்து, மறுபடி போயிற்று.

"சர்ஜன் கோட்டைக் கோணலா இழுத்திருக்கார்" என்றார்.

அவள் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது.